சிவப்புக் கோடு போட்ட சைக்கிள்

பிப்ரவரி 6

வாலுக்குப் பாட்டி எழுதுவது.

அன்று உன் அப்பன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர். நான், நீ, உன் அம்மா, உன் அப்பன், உன் வீட்டுக்காரர், அவருடைய அக்கா. அக்கா சோபாவில் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். நீ தரையில், சைக்கிளுக்குப் பக்கத்தில், ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு. எனக்கு முக்காலி. நான் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்தில் பிழை இருக்கும், நினைவில் இருக்காது.

மறுநாள் காலையில் நான் ஏன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பழைய ஊருக்கே வந்து, சலவைக் கடை மாடியில் அறை பிடித்தேன் என்று நீ கேட்டாயாம். வயசாகிவிட்டது, புத்தி ஒரு நிலையில் இல்லை என்று உன் அப்பன் சொன்னானாம். புத்தி இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. காரணம் அந்த சைக்கிள்.

உன் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்த மடக்கு சைக்கிளை நான் குறை சொல்ல மாட்டேன். குடையை மடக்குவதுபோல மடக்கி நீ அதை மேஜைக்கு அடியில் தள்ளியபோது எனக்கே ஆசையாக இருந்தது. செயின் கிடையாது, பல் வைத்த கறுப்பு பெல்ட், எண்ணெய் போட வேண்டாம், துணியில் கறை ஆகாது என்று அவர் சொன்னதும் சரிதான். அப்புறம்தான் அந்த வேலை ஆரம்பித்தது. பெல்ட் தளர்ந்தால் பல் தாண்டும், அளவுக்கு மேல் இறுகினால் மிதிக்கக் கனக்கும், சக்கரத்தின் உள்ளே தேயும் என்றார். பின் சக்கரத்து நட்டுகளைத் தளர்த்தினார். அச்சுக்குப் பின்னால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, இரண்டு குட்டி ஸ்க்ரூ. வளைந்த சாவியால் இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருப்பினார். திருப்பத் திருப்பச் சக்கரம் பின்னுக்குப் போய் பெல்ட் இறுகியது. பிறகு போனைப் பக்கத்தில் வைத்து, தந்தியை மீட்டுவதுபோல பெல்ட்டை விரலால் சுண்டினார். அது முனகியது. அந்த முனகலைக் கேட்டு போன் ஒரு எண்ணைக் காட்டுமாம்.

"யாரும் பேசாதீங்க" என்றார். பேசவில்லை.

எனக்கு இருமல் வந்தது. இருமல் யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? போன் தப்பான எண்ணைக் காட்டிவிட்டது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்ல பாட்டி, இன்னொரு தடவை பார்த்துக்கலாம்." கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மறுபடி சுண்டினார், மறுபடி இருமினேன். அப்போது உன் அப்பன், யாரும் சொல்லாமல், தானாக எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். என் பக்கம் திரும்பி, "அம்மா, கொஞ்ச நேரம் சும்மா இரேன். மாப்பிள்ளை வேலை பண்றாருல்ல" என்றான். வேர்த்து ஒழுக ஒழுக, ஆறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு ரப்பர் பட்டை என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தோம். நீயும்தான்.

எண் சரியானதும் அவர் உன் நகப்பூச்சைக் கேட்டார். உன் அம்மா ஓடிப்போய் எடுத்து வந்தாள். ஸ்க்ரூவின் தலையையும் அது பதிந்திருக்கும் கம்பியையும் சேர்த்து ஒரே இழுப்பாக மெல்லிய சிவப்புக் கோடு போட்டார். ஸ்க்ரூ இம்மி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக் கொடுத்துவிடுமாம். தண்ணீர் மீட்டரைச் சரிபார்க்கிற அவர் வேலையில் அப்படித்தான் செய்வார்களாம், யாராவது கைவைத்தால் தெரிவதற்கு. அவர் அக்காவுக்கு ஒரே சிரிப்பு. "சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான். பிஸ்கட் டப்பா மூடில கோடு போட்டு வெச்சிடுவான், யார் திறந்தாங்கன்னு பார்க்க." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்.

மீட்டர் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார்? சைக்கிள் எப்படி ஓடுகிறது? போனில் கூப்பிடாதே, போனில் வருகிற குரல் என் காதுக்கு எட்டாது. சலவைக் கடைக்காரர் நடுவில் நின்று கத்திச் சொன்னால் தெரு முழுக்க நம் வீட்டுக் கதை. எழுது.

பாட்டி

---

பிப்ரவரி 19

என் கிழவிக்கு,

முக்காலியை நீ இந்த ஜென்மத்தில் மறக்கப் போவதில்லை என்று தெரிகிறது. நாற்காலியில் என் கைப்பை இருந்தது, பாட்டி. எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் நீ உட்கார மாட்டாய். உட்கார்ந்துவிட்டால் பிறகு எதைச் சொல்லித் திட்டுவாய்?

சைக்கிள் பறக்கிறது. எங்கள் குடியிருப்பிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் இறக்கம். காலையில் மிதிக்கவே வேண்டாம். ரயிலில் மடக்கி முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொள்வேன். இறங்கி விரித்தால் லேப் வாசலில் போய் நிற்கும். அங்கே என்னோடு வேலை பார்க்கும் ஊசி அக்காவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேனே, குழந்தை அழுவதற்குள் ரத்தம் எடுத்து முடித்துவிடுவாரே, அவர் ஒருநாள் லேப் நடையிலேயே ஓட்டிப் பார்த்து, தண்ணீர் கேனில் மோதினார். நாங்கள் சிரித்த சிரிப்பில் நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். அந்த அரை மணிப் பயணம்தான் எனக்கே எனக்கு என்று இருக்கிற நேரம். சும்மா சொல்கிறேன், பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

அவர் ஒவ்வொரு ஞாயிறும் பெல்ட்டைப் பார்க்கிறார். நீ நினைப்பதுபோல இல்லை, அக்கறைதான். எங்கள் வீட்டில் இப்போது மின்விசிறியோடு பிரிட்ஜையும் அணைத்துவிட்டுத்தான் சுண்டுவார். ஒவ்வொரு வாரமும் பெல்ட்டை இறுக்கி, போன் காட்டும் எண்ணைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார். மேல் முனையில் இருந்தால்தான் பத்திரமாம். மிதிக்கக் கொஞ்சம் கனமாகத்தான் இருக்கிறது, பழகிவிடும் என்கிறார். கோடு போடுகிற பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. அலமாரிக் கைப்பிடி, பால்கனித் தாழ்ப்பாள். திருடன் வந்தால் தெரியுமாம். எங்கள் வீட்டில் திருட என்ன இருக்கிறது என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

ஒன்று மட்டும். உன் கடிதம் என் கைக்கு வந்தபோது உறை பிரித்திருந்தது. அவர் வீட்டுத் தபால் எல்லாவற்றையும் பிரித்துத் தேதிப்படி அடுக்கி வைப்பார். மீட்டர் மாப்பிள்ளை என்று நீ எழுதிய இடத்தில் பென்சிலால் அடியில் ஒரு கோடு இருந்தது. அது ஏன் என்று நானும் கேட்கவில்லை. இனிமேல் லேப் முகவரிக்கு எழுது, கீழே கொடுத்திருக்கிறேன். எனக்கும் அங்கே உட்கார்ந்து படிக்க வசதி.

வாலு

---

மார்ச் 2

வாலு,

லேப்புக்கே எழுதுகிறேன். வசதி என்று எழுதியிருக்கிறாய். உன் தாத்தாவும் பல் வலியை வலி என்று சொல்லாமல், குளிர்ச்சியாக இருக்கிறது என்றுதான் சொல்வார்.

மாடி ஜன்னலிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே இதை எழுதுகிறேன். சலவைக் கடைக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டையின் மேல் வைத்துவிட்டு யாரோடோ அரட்டை அடிக்கிறார். சட்டை தீயப் போகிறது. கத்தினால் கேட்காது. எனக்கு உன் கடிதத்தைப் படிக்கும்போதும் இப்படித்தான் இருக்கிறது.

பால்கனித் தாழ்ப்பாளில் கோடு, திருடனுக்காக, சரி. திருடன் வெளியிலிருந்து வருவான். கோடு உள்பக்கம் போட்டிருக்கிறதா வெளிப்பக்கமா? அலமாரி யாருடையது, அவருடையதா உன்னுடையதா? இந்த இரண்டுக்கு மட்டும் பதில் எழுது. மற்றதை எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

அவருடைய அக்காவை ஸ்டேஷனில் பார்த்தால் பேசாதே. பிஸ்கட் டப்பா கதையைக் கல்யாணத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டும். சிரிக்கிற விஷயமாக இருந்திருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள்.

மிதிக்கக் கனமாக இருந்தால் இறுக்கம் அதிகம் என்று அர்த்தம். அன்று அவர் வாயால் சொன்னதுதான். அவரிடமே திருப்பிச் சொல்.

பாட்டி

---

மார்ச் 20

பாட்டி,

பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நீ அப்பாவோடு போட்ட சண்டைக்கு என் குடும்பத்தை இழுக்கிறாய். ஒரு இருமலுக்காக வீட்டைவிட்டுப் போனவள் நீ. எல்லா ஆண்களும் ஏதாவது ஒரு பைத்தியத்தோடுதான் இருக்கிறார்கள். சிலர் கிரிக்கெட், சிலர் குடி. இவர் அளவு பார்க்கிறார். கை நீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அம்மாகூடச் சொல்கிறாள், நீ கொடுத்துவைத்தவள் என்று.

கோடு உள்பக்கம்தான். அலமாரி என்னுடையது. இப்போது திருப்தியா?

கனமாக இருக்கிறது என்று சொன்னேன். நீ மெலிந்துவிட்டாய், அதனால் அப்படித் தெரிகிறது என்றார். அடுத்த ஞாயிறு இன்னும் ஏற்றினார். ஏற்றத்தில் மிதித்தால் பின் சக்கரத்துக்குள்ளிருந்து உறுமல் வருகிறது. சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் சீக்கிரமே நின்றுவிடுகிறது. போன வாரம் ரயிலைத் தவறவிட்டு, லேப்புக்குத் தாமதமாகப் போய்ப் பேச்சு வாங்கினேன். இப்படித் தினமும் திணறினால் எதற்கு வேலைக்குப் போகிறாய், வீட்டில் இரேன் என்று அவர் அன்பாகத்தான் கேட்டார்.

அதனால் ஒரு காரியம் செய்தேன். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். வியாழக்கிழமை அவர் வருவதற்குள் சாவியை எடுத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்திவிட்டேன். இடது பக்கம். வலது பக்கத்து ஸ்க்ரூ பல் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, சாவி நுழையவில்லை. ஒரு பக்கமே போதும், மிதிப்பது எவ்வளவோ லேசாகிவிட்டது. கோடு உடைந்துதான் போயிற்று. பழைய நகப்பூச்சு பாட்டிலை அவர் தன் பெட்டியில் வைத்திருப்பதால் கடையில் புதிதாக ஒன்று வாங்கி, அதே இடத்தில் அதேபோல் கோடு போட்டுவிட்டேன். கிட்டத்தட்ட அதே நிறம்.

இனிமேல் இந்தக் கோடு விஷயத்தை எழுதாதே.

வாலு

---

மார்ச் 26

வாலு,

திட்டியதற்கு நான் கோபிக்கவில்லை. கோபித்துக்கொண்டேன், ஆனால் அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். இது அவசரம்.

அன்று முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு அவர் கை மட்டும்தான் தெரிந்தது. அவர் ஒரு பக்கத்தை மட்டும் திருப்பவே இல்லை. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் சக்கரம் கோணி, பெல்ட் ஓரத்துக்கு நகர்ந்துவிடும் என்று உன்னிடம் சொல்லிக்கொண்டே திருப்பினார். உனக்குக் கேட்கவில்லை, நீ அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஓட்டாதே. ஒரு நல்ல கடையில் கொடுத்து இரண்டு பக்கமும் சமமாக வைக்கச் சொல்.

கிட்டத்தட்ட அதே நிறம் என்று எழுதியிருக்கிறாய். எனக்கு ராத்திரித் தூக்கம் போனது அந்த ஒரு வார்த்தையால்தான். அந்த மனுஷனுக்குக் கிட்டத்தட்ட என்று ஒன்று கிடையாது.

அவர் கண்டுபிடித்துக் கத்தினால் பயப்படாதே. கத்தாவிட்டால் அன்றைக்கே கிளம்பி இங்கே வா.

பாட்டி

---

ஏப்ரல் 5

கிழவி,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு முறிந்திருக்கிறது, கட்டுப் போட்டிருக்கிறார்கள். முட்டியில் தையல். வேறொன்றும் இல்லை. உன் கடிதம் லேப் மேஜையில் கிடந்தபோது நான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். நான் தளர்த்திய வாரம் ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு மீட்டர் வேலை இருந்தது. போன மாதக் கடைசி ஞாயிறுதான் வழக்கம்போல சைக்கிள் முன்னால் குந்தினார். டார்ச் அடித்துப் பார்த்தார். பெடலைக் கையால் பின்னுக்குச் சுற்றி, பெல்ட் ஓடுவதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நான் பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னிக்கு வேணாம், நல்லாத்தான் இருக்கு" என்றார். போனைப் பக்கத்தில் வைக்கவில்லை, சுண்டவில்லை. பிரிட்ஜ் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம், பாட்டி. பாட்டுப் போட்டேன். அவரும் தலையாட்டிக்கொண்டு கேட்டார்.

புதன்கிழமை காலை. இறக்கம் முடிகிற இடத்தில் நான்கு தெரு சந்திக்கும். விளக்கு மாறுவதற்குள் போய்விடலாம் என்று எழுந்து நின்று மிதித்தேன். பெல்ட் ஓரத்தில் வழுக்கிக் கழன்றது. கால் ஒன்றுமில்லாத இடத்தில் போய் விழுந்தது. நான் விழுந்தேன். பின்னால் வந்த வேன் என் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்து அழுதுவிட்டார். அவரை நான் சமாதானப்படுத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அவர் ஆரஞ்சு உரித்து ஊட்டினார். நர்ஸ் போனதும், அதே குரலில் சொன்னார். "நிறம் வேற. ஞாயித்துக்கிழமையே தெரிஞ்சுது. நீயா வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்."

பெல்ட் ஓரத்துக்குப் போனதும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார்.

"தெரிஞ்சும் ஏன் என்னை ஓட்டிட்டுப் போக விட்டீங்க?"

"நான் சரி பண்ணிக் கொடுத்திருந்தா நீ கத்துக்கிட்டிருக்க மாட்டியே" என்றார். சொல்லிவிட்டு இன்னொரு சுளை கொடுத்தார். நான் வாயைத் திறந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரமாக வருகிறது. வாயைத் திறந்தேன்.

நான் உன்னிடம் வருகிறேன். இந்த மாதம் 22, காலை வண்டி. லேப்புக்குக் கிளம்புவதுபோலக் கிளம்பி, ஸ்டேஷனில் அந்தப் பக்கத்து நடைமேடைக்குப் போய்விடுவேன். ஊசி அக்காவுக்குத் தெரியும். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். என் சான்றிதழ் எல்லாம் அப்பா வீட்டில் இருக்கிறது, அது இல்லாமல் அங்கே வேலை தேட முடியாது. ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டு தலையைத் தடவிக் கொடுத்தார்.

வாலு

---

ஏப்ரல் 10

வாலு,

வா.

பாய் இன்னொன்று வாங்கியாகிவிட்டது. ஜன்னல் பக்கம் உனக்கு. சலவைக் கடையில் துணிக்கு எண் தைக்க ஆள் வேண்டுமாம், கை கூடும்வரை இடது கையால் மூட்டை கட்டு. லேப் வேலை தேடிக்கொள்வது பிறகு. தீய்ந்த சட்டைக்கு இன்னும் பஞ்சாயத்து நடக்கிறது, வந்தால் உனக்குப் பொழுது போகும்.

அவர் கேட்டால் எல்லாவற்றுக்கும் சரி சொல். சிரித்தால் சிரி. சைக்கிளைத் தொடாதே.

உன் அப்பனிடம் சொல்லியிருக்க வேண்டாம். தலையைத் தடவிக் கொடுத்தான் என்று எழுதியிருக்கிறாய். என்ன சொன்னான் என்று எழுதவில்லை. இருந்தாலும் பெற்றவன். காகிதத்தைக் கொண்டுவந்து கொடுக்கிற அளவுக்காவது முதுகெலும்பு இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஷனில் முதல் பெஞ்சில் இருப்பேன்.

பாட்டி

---

ஏப்ரல் 27

அன்புள்ள பாட்டி அவர்களுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். தங்கள் நலம் அறிய ஆவல்.

கடந்த 22ஆம் தேதி நான் வர இயலாமல் போனதற்கு வருந்துகிறேன். கை வலியினாலும் மனச் சோர்வினாலும் அவசரப்பட்டு எடுத்த முடிவு அது. அப்பாவும் என் கணவரும் பொறுமையாக எடுத்துக் கூறிய பின் தெளிவு பெற்றேன். என் சான்றிதழ்கள் இப்போது எங்கள் வீட்டிலேயே பத்திரமாக உள்ளன.

சைக்கிளின் பெல்ட் புதிதாக மாற்றப்பட்டு, இறுக்கம் சரி செய்யப்பட்டுவிட்டது. ஓட்டும் தேவை இல்லாததால் மடித்துப் பரணில் வைக்கப்பட்டுள்ளது. மே மாத இறுதியுடன் நான் பணியிலிருந்து விலகுகிறேன். இது என் சொந்த முடிவு.

இனி கடிதங்களை வீட்டு முகவரிக்கே அனுப்பவும். தங்கள் வயதில் பயணம் உகந்ததல்ல.

இப்படிக்கு,
தங்கள் பேத்தி

---

மே 4
(வீட்டு முகவரிக்கு, அஞ்சலட்டையில்)

பேத்திக்கு ஆசீர்வாதம்.

கடிதம் கிடைத்தது. நீ எடுத்த முடிவு நல்ல முடிவு. மாப்பிள்ளையைப்போல நிதானமான ஆள் கிடைக்க மாட்டார். நான்தான் கிழட்டுப் புத்தியில் உன்னைக் குழப்பிவிட்டேன் என்று அவரிடம் சொல். எனக்கு முட்டி வீங்கி இருக்கிறது, மாடிப்படி இறங்கவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இனி எங்கும் நகர முடியாது. அடிக்கடி எழுத முடியாது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பாட்டி

---

மே 4
(ஊசி அக்காவின் வீட்டு முகவரிக்கு)

வாலு,

இதை ஊசி அக்கா ரத்தம் எடுக்கிற அறையில் வைத்து உன் கையில் கொடுப்பார். அங்கேயே படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடு. பையில் வைக்காதே. லேப்புக்கு வருகிற உன் தபாலையும் கவுண்டரில் உன் வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப் போகிறார் என்று அக்கா சொன்னார். அஞ்சலட்டையில் எழுதியது அவர் படிப்பதற்கு. முட்டி வீங்கியிருப்பது உண்மை. நகர முடியாது என்பது பொய்.

22ஆம் தேதி நான் முதல் பெஞ்சில் இருந்தேன். காலை வண்டி வந்தது, மத்தியான வண்டி வந்தது. மடக்கு சைக்கிளோடு ஒரு பெண் இறங்கினாள், எழுந்து ஓடினேன், நீ இல்லை. சாயங்காலம் திரும்பி வந்தபோது சலவைக் கடைக்காரர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். உன் அப்பன். கடைக்காரர் கேட்டுக் கேட்டு என் காதில் சொன்னார். உரக்கச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

"அம்மா, ஸ்டேஷன்ல நிக்காதே. நான்தான் முந்தின நாளே மாப்பிள்ளைகிட்ட பேசி எல்லாத்தையும் நல்லபடியா முடிச்சுட்டேன். அவர் சத்தமே போடலை, எவ்வளவு தன்மையா கேட்டுக்கிட்டார் தெரியுமா?"

சான்றிதழையும் அவரிடமே கொடுத்துவிட்டானாம். லேப்புக்கு நான் எழுதுவதையும் சொல்லிவிட்டானாம். எல்லாம் உன் நன்மைக்கு. மின்விசிறி ஓடாத ஒரு அறையில் உன்னைத் திரும்பவும் உட்காரவைத்துவிட்டு, அதற்கு நல்லபடி என்று பெயர் வைத்திருக்கிறான்.

உன் கடிதத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் பென்சில் கோடு போட்டு அழித்திருக்கிறது. கோணல் மாணலான இடது கை எழுத்தெல்லாம் நூல் பிடித்தாற்போல அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல நீ எழுதியிருக்கிறாய். எழுதிக்கொண்டிருக்கும்போது அந்த வீட்டில் பிரிட்ஜ் ஓடியிருக்காது என்று நினைக்கிறேன். என்னைப் பாட்டி அவர்கள் என்று கூப்பிட்டு, கீழே வாலு என்று போடாமல் நீ எழுதிய ஒரே கடிதம் அது. அந்த அளவுக்காவது எனக்குச் சைகை காட்ட உன்னால் முடிந்திருக்கிறது, எனக்குப் புரிந்தது.

இப்போது கவனமாகப் படி. ஊசி அக்காவோடு எல்லாம் பேசியாகிவிட்டது. சலவைக் கடைக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு, முதல்முறையாகப் போனில் மெல்லிய குரலில் பேசினார். உன் வீட்டுக்காரர் உன்னைக் காலையில் காரில் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டு, சாயங்காலம் அதே வாசலில் வந்து நிற்கிறார். நடுவில் உன் போனைப் பார்த்து நீ எங்கே இருக்கிறாய் என்று தெரிந்துகொள்கிறார். போன் லேப்பில் இருந்தால் நீ லேப்பில் இருப்பதாக அர்த்தம். எனவே போன் உன் மேஜை டிராயரில் இருக்கட்டும்.

இது உன் கைக்கு வந்ததற்கு அடுத்த புதன்கிழமை உனக்கு முன்னாலேயே நான் லேப்புக்கு வந்து நோயாளிகள் உட்கார்கிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். சர்க்கரை பார்க்க வந்த கிழவி. தலையில் துண்டு போட்டிருப்பேன், நீ திரும்பிப் பார்க்காதே, சிரிக்காதே. டோக்கன் கூப்பிட்டால் உள்ளே வருவேன். அக்கா எனக்கு நிஜமாகவே ஊசி குத்தப் போவதாகச் சொல்கிறார், பதிவில் இருக்க வேண்டுமாம். குத்தட்டும். ரத்தம் பிடித்த குப்பிகளைப் பெரிய லேப்புக்கு எடுத்துப் போகிற வேன் பின் வாசலில் வரும். அக்கா முன்னால், நீயும் நானும் பின்னால், ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில். பெரிய லேப் ஸ்டேஷனுக்கு எதிரில்தான் இருக்கிறது. சான்றிதழை விட்டுவிடு. காகிதத்தைத் திரும்பக் கேட்டு வாங்கலாம். இங்கேயும் அவர் தேடி வருவார், தெரியும். நாம் இங்கே இறங்கப் போவதில்லை. எங்கே என்று இதில் எழுத மாட்டேன். சலவைக் கடைக்காரருக்கும் தெரியாது.

உன் கைக்கட்டின் பட்டையிலும் சிவப்புக் கோடு இருக்கிறது என்று அக்கா சொன்னார். டாக்டர் கழற்றக் கூடாது என்றதற்காகப் போட்டதாம். பட்டையிலிருந்து தோல்வரைக்கும் ஒரே இழுப்பாக. குளிக்கும்போது அழிந்தால் சாயங்காலம் மறுபடி போடுகிறாராம். ரயில் நகர்ந்ததும் அந்தக் கட்டை நான் அவிழ்ப்பேன். அவிழ்த்து, என் கையால் திரும்பக் கட்டுவேன், கோடு சேராதபடி.

புதன்கிழமை நான் நாற்காலியில் இல்லை என்றால், என்னை அவர் வாசலிலேயே பார்த்துவிட்டார் என்று அர்த்தம். அப்போதும் நீ அக்காவோடு பின் வாசலுக்குப் போ. எனக்காகத் திரும்பி வந்தாயோ, உன்னிடம் ஆயுசுக்கும் பேச மாட்டேன். நான் பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று உன் அப்பனைக் கேட்டுக்கொள்.

உன்னை வெளியே கொண்டுவந்த பிறகு யார் யார் மேல் எனக்குக் கோபம் மிச்சம் இருக்கும் என்று நேற்று படுத்துக்கொண்டு யோசித்தேன். நகப்பூச்சு எடுத்து வர ஓடினாளே உன் அம்மா, அவளுக்கு ஓடுவதைத் தவிர வேறு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருநாள் அவளாகவே படியேறி வருவாள், கதவைத் திறப்பேன். சிரித்த அக்காவும் சின்ன வயதில் அந்த டப்பாவைத் திறந்து மாட்டிக்கொண்டவளாகத்தான் இருப்பாள். இல்லையென்றால் அவ்வளவு சத்தமாகச் சிரித்திருக்க மாட்டாள். உன் வீட்டுக்காரரை மன்னிப்பதா வேண்டாமா என்கிற பேச்சே இல்லை. அவர் எனக்கு யார்? ஓடுகிற பெல்ட்டில் யாராவது கோபித்துக்கொள்வார்களா, கையைத் தூர எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

ஆனால் யாரும் சொல்லாமல் ஒருவன் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினான். உன் தலையைத் தடவிக் கொடுத்த அதே கையால் போனை எடுத்து, வண்டி எத்தனை மணிக்கு என்று சொன்னான். அவனுக்குப் பசிக்கும் என்று நான் வேலைக்குப் போன இடங்களையெல்லாம் இன்னும் வரிசையாகச் சொல்வேன். அவனுக்கு ஜுரம் வந்த ராத்திரிகள் எனக்கு நினைவிருக்கிறது. எல்லாம் நினைவிருந்தும் எழுதுகிறேன். சாகிற அன்றைக்கு வாயில் தண்ணீர் ஊற்ற வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மன்னிக்க மாட்டேன், உன் அப்பனை. என் மகனை.